சிபியு சூடே இல்லை, பக்கத்துப் பாகம்தான் கொதிக்கிறது: செலவில்லாமல் குளிர வைத்தவர்கள் உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

பாபநாசம் ஜெராக்ஸ் கடை:

போன மே மாதம் நடந்தது, இன்னும் நெஞ்சில் நெருடுகிறது. கத்திரி வெயில், கடைக்கு ஆஸ்பெஸ்டாஸ் கூரை. காலையில் ஒழுங்காக ஓடும் மெஷின் மதியம் ரெண்டு மணி ஆனால் அப்படியே நின்றுவிடும். சிபியு மேல் தடவுகிற தெர்மல் பேஸ்ட் மாற்றியாச்சு, ராம் மாற்றியாச்சு, விண்டோஸும் புதிதாகப் போட்டாச்சு. சாஃப்ட்வேரில் பார்த்தால் சிபியு 62 டிகிரிதான்.

காலேஜ் விண்ணப்பத்துக்குக் கடைசி நாள். கபிஸ்தலம் பக்கத்திலிருந்து ஒரு பெண்ணும் அப்பாவும் வந்திருந்தார்கள். சான்றிதழ் எல்லாம் ஸ்கேன் பண்ணி ஏற்றி, பணம் கட்டும் பக்கத்துக்கு வந்து ஓடிபி போடும்போது நின்றது. மறுபடி ஆன் பண்ணி முதலிலிருந்து ஆரம்பித்தேன், அதே இடம். மூன்றாவது தடவையும் நின்றதும் அந்தப் பெண் பையை மடியில் வைத்து சான்றிதழ்களை ஒவ்வொன்றாக உள்ளே அடுக்கியது. "பரவாயில்லண்ணே, நாங்க கும்பகோணம் போய்ப் பாத்துக்கிறோம்" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு ஓடினார்கள். முடிந்ததா இல்லையா என்று இன்றுவரை தெரியாது.

சாயங்காலம் மூடியைக் கழற்றினேன். சிபியுவுக்கும் பின்பக்க போர்ட்டுகளுக்கும் நடுவே வரிசையாகக் கறுப்புச் சதுரங்கள் இருக்குமே, அதன்மேல் ஹீட் சிங்க் (சூட்டை இழுத்துக் காற்றில் விடும் உலோகத் துண்டு) கிடையாது. விரல் வைத்தேன். இழுப்பதற்குள் சுட்டுவிட்டது, ரெண்டு நாள் தழும்பு இருந்தது. பழைய எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்த (கேபினெட்டுக்குள் கரண்ட் தருகிற பவர் சப்ளை பெட்டி) 80 மில்லிமீட்டர் ஃபேனைக் கழற்றி, கேபிள் டை போட்டு அந்தச் சதுரங்களைப் பார்த்த மாதிரி சாய்த்துக் கட்டினேன். செலவு கேபிள் டைக்குப் பத்து ரூபாய். அதற்குப் பிறகு மதியம் நிற்பது குறைந்திருக்கிறது, முழுசாகப் போகவில்லை. நீங்கள் என்ன செய்தீர்கள்?

மன்னார்குடி எடிட்டர்:

எனக்கும் அதே இடம்தான், ஆனால் நானே இழுத்துவிட்டுக்கொண்டது. கம்பெனி கூலரை எடுத்துவிட்டுப் பெரிய டவர் கூலர் போட்டேன். சிபியு 51 டிகிரி என்று காட்டியது, ரொம்ப சந்தோஷம்.

முகூர்த்த சீசன். கல்யாண வீடியோ ரெண்டரில் ஓடுகிறது, பெண்ணின் தம்பி பென் டிரைவைக் கையில் வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்திருக்கிறார். நாற்பது நிமிடம் என்று காட்டியது திடீரென்று ஆறு மணி நேரம் என்று ஏறியது. சிபியு ஓடுகிற வேகத்தை, அதாவது கிளாக்கைப் பார்த்தால் 0.79 கிகாஹெர்ட்ஸ். என்னவென்றே புரியாமல் மேசை மேல் கிடந்த பழைய கூலரின் ஃபேனை மதர்போர்டிலேயே இன்னொரு பின்னில் செருகி, சதுரங்களுக்கு நேராகக் கையில் பிடித்தேன். ஒரு நிமிடம் ஆகியிருக்கும், 3.6 என்று குதித்தது. கையை எடுத்தேன், கொஞ்ச நேரத்தில் மறுபடி 0.79. திரும்பவும் பிடித்தேன், 3.6. அந்தத் தம்பி எழுந்து வந்து, "நான் பிடிக்கிறேண்ணே, நீங்க காப்பி சாப்பிட்டு வாங்க" என்றார். கடைசியில் நூல் போட்டு டவரிலேயே கட்டித் தொங்கவிட்டேன், இன்றும் தொங்குகிறது.

கம்பெனி கூலர் காற்றைக் கீழ்ப்பார்த்து ஊதும், அது சிதறி இந்தச் சதுரங்கள் மேலும் படும். டவர் கூலர் பக்கவாட்டில் ஊதுகிறது. தண்ணீர்க் கூலர் போட்டால் அந்த இடத்தில் காற்றே இருக்காது. இதை யாராவது முன்னாடியே சொல்லியிருந்தால் எனக்கு ஒரு சீசன் மிச்சமாகியிருக்கும்.

நாகை கடற்கரை:

ஃபேன் கட்டுவதெல்லாம் சரி. ஒட்டுகிற ஹீட் சிங்க்கை நம்பிவிடாதீர்கள், அதற்காகத்தான் எழுதுகிறேன்.

கஜா புயலுக்கு அப்புறம் வாங்கிய போர்டு. குட்டிக் குட்டி அலுமினிய ஹீட் சிங்க் பாக்கெட் ஆன்லைனில் சல்லிசாகக் கிடைத்தது, அடியிலேயே டேப் ஒட்டி வந்தது. எட்டுச் சதுரத்துக்கும் எட்டு ஒட்டினேன். பார்க்க அழகாக இருந்தது. பத்து நாள் கழித்து ராத்திரி, எல்லோரும் தூங்கியாச்சு, கேபினெட்டுக்குள் "டிங்" என்று ஒரு சத்தம். சின்னக் கரண்டி விழுந்த மாதிரி. நான் திரும்புவதற்குள் "டப்", எல்லாம் அணைந்துவிட்டது. போர்டு கேபினெட்டில் நெட்டுக்குத்தாக நிற்கிறது இல்லையா, மேலே இருந்த ஒன்று கழன்று நேராகக் கீழே கிராஃபிக்ஸ் கார்டின் முதுகில் விழுந்திருக்கிறது. அங்கே சால்டர் முனைகள் திறந்தபடி இருக்கும். கார்டு போயே போச்சு. அந்த "டிங்" சத்தம் இப்போதும் தூக்கத்தில் கேட்கிறது.

தப்பு என்னுடையது. ஒட்டும் முன் ஐபிஏ (ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்) போட்டுத் துடைக்கவில்லை. எங்கள் ஊர் காற்றில் உப்பும் ஈரமும் எதன்மேலும் ஒரு பிசுக்காகப் படிந்திருக்கும், அதன்மேல் எந்த டேப்பும் சூட்டில் நிற்காது. இப்போது நடுவில் ஒரு பொட்டு பேஸ்ட், எதிரெதிர் ரெண்டு மூலையில் மட்டும் துளி ஃபெவிக்விக். அசையவில்லை, ஆனால் திரும்ப எடுக்க நினைத்தால் மாஸ்ஃபெட்டும் (அந்தக் கறுப்புச் சதுரத்தின் பெயர் அதுதான்) சேர்ந்து பிய்ந்து வரலாம், தெரிந்துகொண்டு செய்யுங்கள்.

தஞ்சாவூர் லேப்:

பாபநாசம் அண்ணனுக்கு ஒன்று. அவருடைய மெஷின் எங்கே இருக்கிறது என்று எழுதவில்லை. ஜெராக்ஸ் கடை என்றால் பெரும்பாலும் கம்ப்யூட்டர் டேபிளின் அறைக்குள், முன்னால் கதவு, பின்னால் பிளைவுட். அப்படி இருந்தால் நீங்கள் கட்டிய ஃபேன் அதே சூட்டுக் காற்றைச் சுற்றிச் சுற்றித்தான் அடிக்கும். முழுசாகத் தீராததற்குக் காரணம் அதுவாகத்தான் இருக்கும். முதலில் மெஷினை டேபிளை விட்டு வெளியே எடுங்கள், அதற்குப் பத்து ரூபாய்கூட வேண்டாம்.

என் கதை சின்னது. லேபில் முப்பது மெஷின், ஒரு கோடை லீவில் ஆறு போர்டில் கெபாசிட்டர் (அந்தச் சதுரங்கள் பக்கத்தில் சின்ன டப்பா மாதிரி நிற்பது) தலை உப்பிக் கிடந்தது. ஆறும் மேற்கு ஜன்னல் வரிசை. ஒன்றைக் கழற்றும்போது பழுப்பாக ஒரு திரவம் விரலில் ஒட்டியது, அந்த நாற்றம் ரெண்டு தடவை சோப்பு போட்டும் போகவில்லை.

ஏன் இந்த இடம் இவ்வளவு கொதிக்கிறது என்று கேட்டால் கணக்கு எளிது. எஸ்எம்பிஎஸ் 12 வோல்ட் தருகிறது, சிபியுவுக்கு வேண்டியது 1.2 வோல்ட் அளவு. 65 வாட் சிபியு என்றால் 54 ஆம்பியர். 12ஐ 1.2 ஆக மாற்றுவது இந்தச் சதுரங்கள்தான், இந்த மாற்றத்தில் பத்து சதவீதம் வீணானாலே ஏழு வாட் வெப்பம். நாம் கையில் பிடிக்கிற சால்டரிங் அயர்ன் 25 வாட், அதில் கால் பங்குக்கு மேல் இந்தச் சின்னச் சதுரங்களில் நாள் முழுக்க எரிகிறது. மாஸ்ஃபெட் 100 டிகிரியைக்கூடத் தாங்கிவிடும், பக்கத்தில் இருக்கிற திரவ கெபாசிட்டர்தான் பாவம். பத்து டிகிரி கூடினால் அதன் ஆயுள் பாதியாகும் என்பது பொதுக் கணக்கு. 105 டிகிரியில் 2000 மணி நேரம் என்று போட்டிருந்தால் 65 டிகிரியில் அது 32,000 மணி நேரம். அதனால் நீங்கள் குறைக்கிற ஒவ்வொரு பத்து டிகிரிக்கும் மதிப்பு உண்டு.

சூட்டை விரல் வைத்துப் பார்க்கிறவர்கள் மெஷினை அணைத்துவிட்டு உடனே தொடுங்கள், மோதிரம் இருந்தால் கழற்றிவிடுங்கள். ரெண்டு மூன்று வினாடி விரல் தாங்கவில்லை என்றால் 60 டிகிரிக்கு மேல் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். ஃபேன் சத்தம் போட்டால் 12 வோல்ட்டுக்குப் பதில் 5 வோல்ட் கொடுங்கள், எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து வரும் வயர்களில் மஞ்சளை விட்டுவிட்டுச் சிவப்பும் கறுப்பும். சிலர் மஞ்சளையும் சிவப்பையும் சேர்த்து 7 வோல்ட் எடுப்பார்கள், அது வேண்டாம், ஃபேன் ஷார்ட் ஆனால் 12 வோல்ட் நேராக 5 வோல்ட் லைனுக்குள் போகும். அப்புறம் பழைய எஸ்எம்பிஎஸ்ஸைத் திறக்கிறேன் என்று யாரும் உடனே கை வைக்காதீர்கள். உள்ளே பெரிய கெபாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் நிற்கும். பிளக்கைப் பிடுங்கி ஒரு நாள் போட்டு வையுங்கள், பிறகும் அதைத் தொடாமல் ஃபேனை மட்டும் கழற்றுங்கள்.

திருவாரூர் வீட்டு மெஷின்:

லேப் சார் சொன்னதெல்லாம் சரி. ஆனால் எங்கள் வீட்டில் நடந்தது வேறு மாதிரி. அப்பா பழைய ஆள், கோடையில் ஜன்னலுக்கு வெட்டிவேர்த் தட்டி கட்டித் தண்ணீர் தெளித்து வளர்ந்தவர். மெஷின் சுடுகிறது என்று நான் சொன்னதும் ஈரச் சாக்கை டேபிள் ஃபேனுக்கு முன்னால் தொங்கவிட்டு, மூடி கழற்றிய கேபினெட்டைப் பார்த்துத் திருப்பி வைத்துவிட்டார். நான் வேலையிலிருந்து வரும்போது அப்பா பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கிறார், கையில் சொம்பு. "இப்ப தொட்டுப் பாரு, எப்படி ஜில்லுனு இருக்கு" என்றார். உண்மையாகவே ஜில்லென்று இருந்தது. போர்டின் மேல் ஓரத்தில் முத்து முத்தாகத் தண்ணீர்.

உடனே அணைத்தேன். அப்பாவிடம் ஒரு வார்த்தை அதட்டிப் பேசிவிட்டேன். மெஷின் பிழைத்துக்கொண்டது. அவர் அன்றிலிருந்து அந்த அறைக்கு வருவதே இல்லை. குளிர்ந்த காற்று பட்டால் போர்டில் பனி கட்டும், அதனால் ஈரக் காற்று யாரும் விடாதீர்கள்.

தஞ்சாவூர் லேப்:

அது பனி கட்டியது இல்லை, திருவாரூர் தம்பி. ஈரச் சாக்கு காற்றை எவ்வளவு குளிர வைத்தாலும் பனி படிகிற அளவுக்குக் கீழே கொண்டுபோக முடியாது, போர்டு அந்தக் காற்றை விடச் சூடாகத்தான் இருக்கும். சாக்கிலிருந்து காற்றில் தெறித்த துளிதான் அது. ஆனால் செய்யக்கூடாது என்பதில் மாற்றமில்லை. ஈரத்தோடு தூசி சேர்ந்தால் போர்டில் பச்சை பூக்கும், நாகைக்காரரைக் கேளுங்கள். அப்பாவிடம் மறுபடி ஒரு தடவை பேசுங்கள்.

கும்பகோணம்:

என் போர்டில் கீழே இருக்கிற சிப்செட்டின் (சிபியுவுக்குத் துணையாக இருக்கும் சிப்) ஹீட் சிங்க் பிளாஸ்டிக் ஊசி முறிந்து தொலைந்துபோனது. பித்தளைத் தகடு வெட்டி வைக்கலாம் என்று பாத்திரப் பட்டறைக்குப் போனேன். அங்கே இருந்த பெரியவர் எதற்கு என்று கேட்டார், சொன்னேன். ஒன்றும் பேசவில்லை. ஒரே அளவில் ஒரு பித்தளைக் கீற்றும் ஒரு செம்புக் கீற்றும் எடுத்து, கொதிக்கிற டீ டம்ளரில் ரெண்டின் நுனியையும் விட்டு, மறு நுனிகளை என் ரெண்டு கையில் கொடுத்தார். செம்பை நான் கீழே போட்டேன், பித்தளை இன்னும் கையில் இருந்தது. "எது வேணும்?" என்றார். அதற்குமேல் எந்தப் புத்தகமும் எனக்குத் தேவைப்படவில்லை. சூட்டைக் கடத்துவதில் செம்பு 400 என்றால் பித்தளை 100க்குக் கொஞ்சம் மேல், அலுமினியம் 200க்கு மேல், எல்லாம் அப்புறம் தேடிப் படித்தது.

வெட்டியது துண்டுச் செம்பு, காசு வாங்கவில்லை. யூ மாதிரி மடித்து, அடியில் தெர்மல் டேப் வைத்து ஒட்டினேன். ஓரம் பக்கத்துப் பாகத்தில் பட்டுவிடக் கூடாதென்று கறுப்பு இன்சுலேஷன் டேப் சுற்றினேன், அது ஒரே வாரத்தில் பசையாக இளகி வழிந்தது. மஞ்சள் நிறத்தில் சூடு தாங்குகிற காப்டன் டேப் இருக்கிறது, அதைத்தான் போட வேண்டும்.

நீடாமங்கலம் ரைஸ் மில்:

எங்கள் ஆபீஸ் மெஷினுக்கு எதுவும் வாங்கவில்லை, கட்டவில்லை. அறுவடை முடிந்த தை மாசம் திறந்தால் சிப்செட் ஹீட் சிங்க் இருந்த இடமே தெரியவில்லை, உமித் தூசி கம்பளி மாதிரி போர்த்தியிருந்தது. நடுவில் ஒரு செத்த பல்லி, காய்ந்து கருவாடாக. பிளோயரில் ஊதும்போது ஃபேன் றெக்கையை ஒரு விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், சுற்ற விட்டால் பேரிங் போய்விடும். மாசம் ஒரு தடவை ஊதுகிறேன். அவ்வளவுதான்.

பாபநாசம் ஜெராக்ஸ் கடை:

லேப் சார் சொன்னது சரியாக இருந்தது. டேபிள் அறைக்குள்தான் வைத்திருந்தேன், பின்னால் பிளைவுட். வெளியே எடுக்க இடமில்லை, அதனால் இன்று காலை ரம்பத்தால் பின் பலகையை முழுசாக அறுத்து எடுத்துவிட்டேன், முன் கதவையும் கழற்றியாச்சு. மதியம் ரெண்டரை வரை ஆதார் பிரிண்ட், பட்டா என்று நிற்காமல் ஓடியது. அணைத்துவிட்டு அந்தச் சதுரத்தில் விரல் வைத்தேன். சூடு இருக்கிறது, ஆனால் ஐந்து எண்ணும்வரை வைத்திருக்க முடிந்தது.

நாகை அண்ணே, ஃபெவிக்விக் எனக்குப் பயமாக இருக்கிறது. ஐபிஏ போட்டுத் துடைத்தபிறகு வெறும் டேப்பே நிற்குமா? இந்த வருஷ விண்ணப்பம் ஆரம்பிப்பதற்கு முன்னால் ஒட்டிவிட வேண்டும்.