22 வருடமாகக் கூடைப்பந்து பழக்குகிறேன், ஒப்பந்தத்தைத் திருத்தித் தரும்படி கேட்பது பிழையா?

ஆரையம்பதி கோச் எழுதியது:

வணக்கம். எனக்கு வயது 57. மட்டக்களப்பில் பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து பழக்கத் தொடங்கி 22 வருடமாகிறது. எந்த அணி என்று எழுதவில்லை. எழுதினால் பிள்ளைகளின் பெயரும் சேர்ந்து அடிபடும். வருகிற மாதக் கடைசியில் நிர்வாக சபை கூடுகிறது. என் ஒப்பந்தத்தைத் திருத்தித் தரும்படி அங்கே கேட்கப் போகிறேன். விஷயம் தெரிந்த ஆக்கள் இங்கே இருப்பீர்கள், வாசித்துவிட்டு ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

ஒப்பந்தம் 2019 தையில் எழுதியது, ஒன்றரைப் பக்கம். கிழமைக்கு மூன்று நாள், பின்னேரம் இரண்டு மணித்தியாலம், மாதம் 25,000 ரூபாய். பயிற்சி நடக்காத மாதத்துக்குக் கொடுப்பனவு இல்லை. தேசிய மட்டத்தில் முதல் மூன்று இடத்துக்குள் வந்தால் 50,000 ரூபாய் தருவார்கள். மூன்று வருடத்துக்கென்று போட்ட தாள் இது. அது முடிந்த பிறகு ஒவ்வொரு தையிலும் திகதியை மட்டும் மாற்றிக் கையெழுத்து வாங்குகிறார்கள், நானும் போட்டுக்கொடுத்தேன்.

2022 ஜூனில் பெற்றோல் லீற்றர் 470 ரூபாய்க்குப் போனது. பிறகு கியூஆர் குறியீட்டைக் காட்டி அளவாகப் பெற்றோல் வாங்கும் முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர்தான் கிடைத்தது. ஆரையம்பதியிலிருந்து கல்லடிப் பாலம் தாண்டி சைக்கிள் மிதித்து வந்துதான் பழக்கினேன். ஊரே வரிசையில் நிற்கும்போது நான் மட்டும் எப்படிக் கேட்பது என்று வாய் திறக்கவில்லை. வரிசைகள் முடிந்து இத்தனை காலமாகியும் தாளில் அதே 25,000தான் இருக்கிறது.

தாளில் கிழமைக்கு 6 மணித்தியாலம். எங்கள் கோர்ட் திறந்தவெளி. கடற்காற்றுக்கு மணல் வந்து சீமெந்தில் படியும். அதைக் கூட்டாமல் ஓடவிட்டால் பிள்ளைகள் சறுக்கி முழங்காலை உடைத்துக்கொள்வார்கள். மூன்றரைக்குப் பயிற்சி என்றால் இரண்டே முக்காலுக்கு நான் தும்புத்தடியோடு நிற்பேன். வளையத்தில் நெட் கொழுவ 12 கொக்கி இருக்கும். உப்புக்காற்றுக்கு அவை துருப்பிடித்து, கடை நெட்டைச் சில மாதத்தில் அறுத்துவிடும். அதனால் வலை நூலில் நானே பின்னிக் கட்டுகிறேன். நாவலடியில் வலை பொத்துகிற ஒருவர் எனக்கு அந்த முடிச்சைப் பழக்கினார். நெட் இல்லாமல் பழகினால் என்ன என்று கேட்பவர்கள் ஒருநாள் வந்து பாருங்கள். பந்து நெட்டில் உரசி இறங்குகிற சத்தத்தில்தான் பிள்ளைக்குத் தன் கை சரியாகப் போனது விளங்கும். வெறும் வளையத்தில் தூரத்திலிருந்து எறிந்தால், பந்து உள்ளே போனதா இல்லையா என்றே சண்டை வரும்.

அடுத்தது மழை. கார்த்திகை, மார்கழி, தை மூன்று மாதமும் கோர்ட்டில் தண்ணீர் நிற்கும். "பயிற்சி இல்லை" என்று காசும் இல்லை. ஆனால் நான் பிள்ளைகளை விடுவதில்லை. விறாந்தையில் வைத்துக் கால் வைப்பு, பிவோட் (ஒரு காலை ஊன்றிக்கொண்டு திரும்புவது), சுவரில் பாஸ் எறிதல் என்று பழக்குவேன். மாசியில் கோர்ட் காய்ந்ததும், பந்தைத் தட்டாமல் பிடித்தபடி மூன்று எட்டு வைக்கிற பிழைக்கு விசில் வாங்காமல் ஓடுகிற பிள்ளை அந்த விறாந்தையில் பழகின பிள்ளைதான்.

அந்த 50,000 விஷயத்தையும் சொல்லவேண்டும். ஒரு வருடம் மூன்றாம் இடத்துக்கான ஆட்டம். எங்களுடைய நல்ல ரிபவுண்டர், வளையத்தில் பட்டுத் திரும்புகிற பந்தைப் பிடிக்கிறவன், திராய்மடுப் பொடியன். இரண்டாம் கால்பகுதியில் அவனுக்குக் கணுக்கால் திரும்பிவிட்டது. ஐஸ் வைத்துக் கட்டினேன். "சேர், விடுங்க, நான் ஓடுவேன்" என்று கண்ணில் தண்ணீரோடு கேட்டான். சப்பாத்து நாடாவை அவிழ்த்துப் பார்த்தேன், எலும்பு தெரியாத அளவுக்கு வீங்கியிருந்தது. உட்காரவைத்தேன். 3 புள்ளியால் தோற்றோம். இரவு பஸ்ஸில் வரும்போது அந்த 50,000 என் நினைவுக்கு வந்தது உண்மை. ஒரு பிள்ளையின் காலுக்கும் என் வீட்டுச் செலவுக்கும் நடுவில் ஒரு தொகையை வைத்திருக்கிற அந்த வரி தாளில் இருக்கவே கூடாது.

நான் கேட்கப்போவது இதுதான். வருடம் 12 மாதமும் மாதம் 45,000, பதக்கக் காசு வேண்டாம். வெளியூர் ஆட்டத்துக்குப் போனால் சாப்பாடும் போக்குவரத்தும் அவர்கள் பொறுப்பு. உதவிக்கு ஒரு இளம் பயிற்றுவிப்பாளர். சேமலாப நிதி. நிறுத்துவதென்றால் மூன்று மாதம் முன்னறிவித்தல்.

இதைச் சபையில் ஒருவரிடம் மெல்லச் சொன்னேன். அவர் கேட்டார்: "ஹேபியர் ஃபாதர் சம்பளம் வாங்கியா பழக்கினவர்?" அன்று இரவு நித்திரை இல்லை. முந்தி மட்டக்களப்பில் கூடைப்பந்து பழக்கிய அந்த அடிகளாரிடம் பழகின அண்ணன்மாரிடம் பழகினவன் நான். அவர் பெயரைச் சொன்னால் எனக்குப் பதில் வராது. உங்களிடம் கேட்கிறேன், நான் கேட்பது பிழையா?


சூரிச்சிலிருந்து ஒரு பழைய வீரன் எழுதியது:

சேர், யாரென்று எனக்கு விளங்கிவிட்டது, பெயர் சொல்லமாட்டேன். உங்களிடம் நாலு வருடம் பழகினேன்.

ஃபாதர் கதைக்கு நான் பதில் சொல்கிறேன். யூஜின் ஹேபியர் அடிகளார் அமெரிக்காவின் லூசியானாவிலிருந்து 1948இல் இலங்கைக்கு வந்த இயேசு சபைத் துறவி. வறுமை வார்த்தைப்பாடு எடுத்தவர். அவருக்கு இருக்க இடமும் சாப்பாடும் வருத்தம் வந்தால் மருந்தும் அந்தத் துறவற சபையே பார்த்தது. படிக்கவைக்கப் பிள்ளையும் இல்லை, கட்டக் கரண்ட் பில்லும் இல்லை. 1990 ஆகஸ்ட் 15 அன்று வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்கு வரும் வழியில் காணாமல் போனார், இன்றுவரை தகவல் இல்லை. அப்படித் தன்னையே கொடுத்த மனிதரின் பெயரைச் சொல்லி இன்னொரு மனிதருக்குச் சம்பளத்தை மறுப்பது அவருக்குச் செய்யும் மரியாதை இல்லை. அவர் இருந்திருந்தால் உங்கள் பக்கம்தான் நின்றிருப்பார் என்று என் மனது சொல்கிறது.

இங்கே வெளிநாட்டில் இருக்கிற பழைய வீரர்கள் நாங்களும் ஒரு பிழை விடுகிறோம். பணம் சேர்த்தால் டீசேர்ட், கோப்பை, ஸ்கோர் போர்ட் என்றுதான் அனுப்புகிறோம். அதில் பெயர் எழுதலாம். கோச்சின் மாதச் சம்பளத்தில் எவருடைய பெயரையும் எழுத முடியாது, அதனால் அதற்குக் கை நீளுவதில்லை. அடுத்த கூட்டத்தில் இதை நான் எழுப்புவேன்.


கல்முனை, ஓய்வுபெற்ற தொழில் அலுவலர் எழுதியது:

கோச் அவர்களுக்கு, சட்டப் பக்கத்தை மட்டும் சொல்கிறேன்.

முதல் கேள்வி, நீங்கள் ஊழியரா அல்லது சேவை வழங்குபவரா? தாளில் என்ன பெயர் போட்டிருக்கிறது என்பதோடு இது முடிவதில்லை. நேரத்தை யார் தீர்மானிக்கிறார்கள், பந்தும் கோர்ட்டும் யாருடையவை, லீவை யாரிடம் கேட்கிறீர்கள், உங்களுக்குப் பதிலாக இன்னொருவரை அனுப்ப முடியுமா என்று பார்ப்பார்கள். நீங்கள் எழுதியதைப் பார்த்தால் ஊழியர் என்று வாதாட இடமிருக்கிறது.

ஊழியர் என்றால் 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டப்படி சேமலாப நிதிக்கு வேலைகொள்வோர் 12 வீதமும் நீங்கள் 8 வீதமும் கட்டவேண்டும். நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு அவர்கள் பக்கத்திலிருந்து மேலும் 3 வீதம். 45,000க்கு அவர்களுடைய பங்கு 5,400உம் 1,350உம். ஆகவே சபைக்கு உங்கள் செலவு மாதம் 51,750. இந்த எண்ணை நீங்களே முதலில் சொல்லுங்கள், பிறகு பொருளாளர் கண்டுபிடித்து நீங்கள் ஒளித்ததாகச் சொல்ல இடம் வைக்கக்கூடாது. சில வகை நிறுவனங்களுக்கு விலக்கும் உண்டு. தாளை மட்டக்களப்புத் தொழில் அலுவலகத்தில் காட்டிக் கேளுங்கள்.

பணிக்கொடை 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம். 5 வருடம் முடித்தவருக்கு வருடத்துக்கு அரை மாதச் சம்பளம். ஆனால் 15 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்துக்குத்தான் அது கட்டாயம். உங்கள் சபையில் அத்தனை பேர் இருக்கமாட்டார்கள், ஆகவே வேண்டுமென்றால் ஒப்பந்தத்திலேயே எழுதிக் கேட்கவேண்டும். திடீரென்று நிறுத்தினால் தொழில் நியாயசபைக்கு 6 மாதத்துக்குள் போகவேண்டும். அது தேவைப்படாமல் முடியவேண்டும் என்பதே என் விருப்பம்.

இன்னொன்று. இந்த மாதம் முழுக்க ஒரு கொப்பியில் நாள், வந்த நேரம், போன நேரம், செய்த வேலை என்று எழுதுங்கள். தும்புத்தடி பிடித்த முக்கால் மணித்தியாலத்தையும் எழுதுங்கள்.


அக்கரைப்பற்று, ஒரு விளையாட்டுக் கழகப் பொருளாளர் எழுதியது:

அண்ணன், நான் மறுபக்கத்தில் இருக்கிறவன், கோபிக்க வேண்டாம். நீங்கள் கேட்பது நியாயம். ஆனால் 25,000இலிருந்து ஒரே தடவையில் 51,750க்கு ஏறினால், மழை மாதம் மூன்றையும் சேர்த்து, வருடச் செலவு 2,25,000இலிருந்து 6,21,000 ஆகும். எங்களைப் போன்ற கழகத்தின் காசு சந்தா, நன்கொடை, வருடத்தில் ஒரு போட்டிக்கு அனுசரணை. இவ்வளவையும் கேட்டால் நல்ல மனதுள்ளவரும் "பிறகு பார்ப்போம்" என்பார். அந்தப் பிறகு வராது.

ஆகவே இரண்டு படியாகக் கேளுங்கள். இந்த வருடம் 12 மாதமும் 35,000, சேமலாப நிதியோடு. அடுத்த தையில் 45,000. இரண்டையும் இப்போதே ஒரே தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். "ஒவ்வொரு வருடமும் மீளாய்வு செய்யப்படும்" என்ற வசனத்தை மட்டும் நம்பவேண்டாம், எண் இருக்கவேண்டும். கடிதத்தைக் கூட்டத்துக்குப் பத்து நாள் முந்தியே செயலாளரிடம் கொடுங்கள். கூட்டத்தில் திடீரென்று வாசித்தால் எல்லோரும் பொருளாளரின் முகத்தைத்தான் பார்ப்பார்கள், பொருளாளருக்கு "முடியாது" என்பதுதான் முதலில் வாயில் வரும்.


கல்லடித் தாய் ஒருவர் எழுதியது:

என் மகள் பந்து பிடிக்கப் பயந்தவள். இப்போது 14 வயது அணியில் விளையாடுகிறாள், உங்களிடம் இல்லை, வேறொரு கோச்சிடம். அவரும் தன் கைக்காசில்தான் பிள்ளைகளுக்குப் பனிஸ் வாங்கிக் கொடுக்கிறார். எங்களுக்கு அவருடைய சம்பளம் எவ்வளவு என்று இன்றுவரை தெரியாது, கேட்டதும் இல்லை. இந்தக் கிழமை கேட்பேன். நீங்களும் பெற்றோரிடம் சொல்லுங்கள். சபைக்கு ஒரு கோச் கேட்பதைவிட முப்பது பெற்றோர் சேர்ந்து கேட்டால் வேறு மாதிரிக் கேட்கும்.


ஆரையம்பதி கோச் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. சூரிச்சிலிருக்கும் தம்பி, நீ எழுதியதை மனைவிக்கும் வாசித்துக் காட்டினேன்.

கொப்பி தொடங்கிவிட்டேன். முதல் கிழமைக் கணக்கு 17 மணித்தியாலம். தாளில் 6. இதை இத்தனை வருடமும் நான் கூட்டிப் பார்த்ததே இல்லை.

பொருளாளர் தம்பி சொன்ன இரண்டு படி எனக்குச் சரி. முதல் வருடம் 35,000க்கு இறங்குகிறேன். இரண்டு விஷயத்தில் இறங்கமாட்டேன். மழை மாதத்துக்கும் கொடுப்பனவு வேண்டும், பதக்கக் காசு வரி தாளிலிருந்து போகவேண்டும். உதவிக்கு ஆள் கேட்பதை அடுத்த தைக்குத் தள்ளலாம் என்று நினைத்தேன், பிறகு வேண்டாம் என்று தோன்றியது. எனக்கு 57. இந்த முடிச்சும் மழைக்காலக் கால் பயிற்சியும் இன்னொருவர் கைக்குப் போகவேண்டும். அந்தத் திராய்மடுப் பொடியன் இப்போது 21 வயதுப் பெடியன், பின்னேரத்தில் வந்து சின்னப் பிள்ளைகளுக்கு லே-அப், அதாவது ஓடிவந்து வளையத்துக்குக் கிட்டப் பந்து போடுவது, காட்டுகிறான். அவனுக்கு மாதம் 10,000 என்று கடிதத்தில் எழுதியிருக்கிறேன்.

பெற்றோரிடம் பேசுவதற்குத்தான் வெட்கமாக இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பயிற்சி முடிந்ததும் பேசிப் பார்க்கிறேன். கடிதத்தைத் திங்கட்கிழமை செயலாளரிடம் கொடுக்கிறேன், சபையின் பதில் வந்ததும் இங்கே எழுதுவேன். இப்போது எழும்ப வேண்டும். தெற்குப் பக்க வளையத்தில் நெட் அறுந்து தொங்குகிறது, நாளைப் பயிற்சிக்கு முதல் புதிதாகப் பின்னிக் கட்டவேண்டும்.