சோக்கைத் திறந்தால் நின்றுவிடும் பெட்ரோல் பம்ப்: கார்புரேட்டரை மாற்றித்தான் ஆகவேண்டுமா?

கேட்டவர் (வேளச்சேரி):
எங்கள் அபார்ட்மென்டில் 14 வீடுகள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது கரண்டும் இல்லை, பேஸ்மென்டில் நின்ற தண்ணீரை இறைக்க வழியும் இல்லை. அதற்கப்புறம் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு 5.5 ஹெச்.பி. ஃபோர் ஸ்ட்ரோக் பெட்ரோல் பம்ப் வாங்கினோம். போன மழைக்கு நன்றாக இறைத்தது. பிறகு தார்ப்பாய் போட்டு மூடியதுதான், நேற்றுதான் வெளியே எடுத்தேன்.

சோக் (இன்ஜினுக்குள் போகும் காற்றைக் குறைக்கும் மூடி) போட்டு நாலைந்து தடவை கயிற்றை இழுத்தால் ஸ்டார்ட் ஆகிறது. சோக்கைத் திறந்ததும் இரண்டு இருமல் இருமி நின்றுவிடுகிறது. பாதி சோக்கில் ஓடினாலும் வேகம் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கிறது. பிளக் புதிதாகப் போட்டுவிட்டேன், ஆயில் அளவும் சரி. ஒரு மெக்கானிக் போனிலேயே "கார்புரேட்டர் போச்சு, புதுசு போடணும்" என்கிறார். அதுதான் பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்புமாம். ஐப்பசி பிறக்கப்போகிறது, கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறேன்.

அம்பத்தூர், பம்ப் சர்வீஸ்:
மேடம், டேங்கில் இருப்பது எப்போது போட்ட பெட்ரோல்?

கேட்டவர்:
போன கார்த்திகையில் போட்டது சார். அரை டேங்க் அப்படியே இருக்கிறது.

அம்பத்தூர், பம்ப் சர்வீஸ்:
அப்போ கார்புரேட்டர் போகவில்லை, அடைத்திருக்கிறது. சோக் மூடியிருக்கும்போது காற்று குறைவதால் பெட்ரோல் கூடுதலாக உறிஞ்சப்படும். ஜெட், அதாவது பெட்ரோல் வரும் சின்ன ஓட்டை உள்ள திருகு, பாதி அடைத்திருந்தாலும் ஓடிவிடும். திறந்ததும் காற்று முழுசாக வரும், அதற்கு ஏற்ற பெட்ரோல் வராது, நின்றுவிடும்.

இப்போது பங்க்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்தை இழுக்கும். நம் ஊர்க் காற்றில் மாதக்கணக்கில் நின்றால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து அடியில் பிரிந்துவிடலாம்.

டேங்கிலிருந்து பெட்ரோல் இறங்குவதை நிறுத்தும் திருகான பெட்ரோல் காக்கை மூடுங்கள். கார்புரேட்டருக்கு அடியில் இருக்கும் கிண்ணத்தின் வடிகால் போல்ட்டைக் கழற்றி, வருவதைக் கண்ணாடி டம்ளரில் பிடித்துப் பாருங்கள். பிறகு கிண்ணத்தையே இறக்குங்கள். நடுவில் பித்தளை மெயின் ஜெட் இருக்கும். கழற்றி வெளிச்சத்தில் பிடித்தால் ஓட்டை வட்டமாகத் தெரியவேண்டும். குத்துவதென்றால் பழைய ஒயரிலிருந்து ஒரு செம்பு இழையை உருவி அதால் குத்துங்கள். தையல் ஊசி வேண்டவே வேண்டாம். ஓட்டை கொஞ்சம் பெரிதானாலும் ஜெட் வீண். வேகம் ஏறி இறங்குவதைப் பார்த்தால் பைலட் ஜெட்டிலும் (மெதுவாக ஓடும்போது பெட்ரோல் தரும் சின்ன ஜெட்) அழுக்கு இருக்கும், அதையும் சேர்த்துச் சுத்தம் செய்யுங்கள். கார்ப் கிளீனர் அடிக்கும் முன் ரப்பர் வளையத்தை எடுத்துத் தனியே வையுங்கள், பட்டால் உப்பிவிடும்.

மடிப்பாக்கம்:
பிரிப்பதற்கு முன் டேங்க் மூடியை லேசாகத் தளர்த்தி ஓட்டிப் பாருங்கள். மூடியின் காற்றுத் துளை அடைத்தாலும் பெட்ரோல் இறங்காது. என் புல்வெட்டி மெஷினில் ஒரு வாரம் தேடிய கோளாறு அதுதான்.

முடிச்சூர்:
பம்பை எங்கே வைத்து ஓட்டுகிறீர்கள் மேடம்?

கேட்டவர்:
பேஸ்மென்ட் சாய்தளத்தின் அடியில், தண்ணீருக்குப் பக்கத்தில்.

முடிச்சூர்:
தயவுசெய்து மேலே கொண்டுவாருங்கள். புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது; அதற்கு வாசனை கிடையாது. பேஸ்மென்டில் அது தேங்கிவிட்டால், தலை சுற்றுகிறது என்று உணர்ந்து ஏறிவருவதற்குள் ஆள் விழுந்துவிடலாம். பக்கத்தில் நிற்பது உங்கள் வாட்ச்மேன்தானே? பம்ப் மேலே இருந்தாலும் 3, 4 மீட்டர் ஆழத்திலிருந்து தாராளமாக உறிஞ்சும். சக்ஷன் பைப்பின் இணைப்பில் காற்று புகாமல் இருந்தால் போதும். சரிவில் வைத்தால் ஆயில் சென்சார் ஆயில் இல்லை என்று நினைத்து இன்ஜினை நிறுத்திவிடும், அதனால் சமதளமாகப் பார்த்து வையுங்கள். டெஸ்ட் செய்யும்போதும் பம்புக்குள் தண்ணீர் ஊற்றாமல் ஓட்டாதீர்கள், சீல் கருகிவிடும்.

கேட்டவர்:
மூடியைத் தளர்த்தியும் மாற்றமில்லை. கிண்ணத்திலிருந்து வந்ததை டம்ளரில் பிடித்தேன். மேலே மஞ்சளாகப் பெட்ரோல், அடியில் ஒரு விரற்கடைக்குக் கலங்கலாகத் தனி அடுக்கு. பழைய பெயின்ட் டப்பாவைத் திறந்த மாதிரி நாற்றம். ஜெட்டின் ஓட்டையில் பச்சைப் பாசி போல ஒட்டியிருந்தது. செம்பு இழை மூன்றாவது தடவைதான் உள்ளே போனது. புதுப் பெட்ரோல் ஊற்றினேன். இரண்டாவது இழுப்பிலேயே ஓடியது. சோக்கை முழுசாகத் திறந்தும் கால் மணி நேரம் ஒரே சீராக ஓடியது. ரொம்ப நன்றி சார்!

பழைய பெட்ரோலை என்ன செய்வது?

அம்பத்தூர், பம்ப் சர்வீஸ்:
சாக்கடையில் மட்டும் ஊற்றாதீர்கள். பக்கத்து மெக்கானிக் கடையில் பாகம் கழுவ வாங்கிக்கொள்வார்கள். மழை முடிந்ததும் டேங்கைக் காலி செய்து, காக்கை மூடி, இன்ஜின் தானாக நிற்கும்வரை ஓட்டிவிட்டு எடுத்து வையுங்கள்.

கேட்டவர்:
சரி சார். பம்பை கேட்டுக்கு வெளியே வைக்க இடம் பார்த்தாயிற்று. இருக்கிற சக்ஷன் பைப் அங்கிருந்து எட்டவில்லை, நாளை அளந்து வாங்கிவிடுகிறேன். வாட்ச்மேன் அண்ணாவிடமும் சொல்லிவிட்டேன். போன வருடம் இறைத்த அன்று இரவு முழுக்கத் தலைவலி என்று இப்போதுதான் சொல்கிறார்.