மீண்ட பெருநகரங்களில் மீளாத பகுதிகள்: உறுப்பினர் மூவரின் அனுபவங்கள்

ஒரு பெருநகரப் பகுதி பொருளாதாரச் சரிவிலிருந்து மீண்டுவிட்டது என்று எவராவது சொன்னால், எந்த எல்லைக்குள் கணக்குப் பார்த்துச் சொல்கிறார் என்று கேட்கும் வழக்கம் எனக்கு அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில்தான் ஏற்பட்டது. வட்டாரப் பொருளாதார ஆய்வுக்காக அங்கே தங்கியிருந்தபோது நான் சந்தித்த அதிகாரிகள் அனைவரும், 1980-களின் தொடக்கத்தில் எஃகுத் தொழில் சரிந்ததையும், பின்னர் மருத்துவமும் பல்கலைக்கழகங்களும் மென்பொருளும் அதன் இடத்தைப் பிடித்ததையும் பெருமையுடன் விளக்கினார்கள். அந்தப் பெருமையில் பொய்யில்லை. நகர மையத்தில் எஃகு நிறுவனத்தின் பெயரால் எழுந்த 64 மாடிக் கட்டடத்தின் உச்சியில் இப்போது ஒரு மருத்துவக் குழுமத்தின் பெயர்தான் ஒளிர்கிறது. 2009-இல் ஜி-20 மாநாட்டுக்கு அந்நகரைத் தேர்ந்தெடுத்தபோதும் இந்த மாற்றமே எடுத்துக்காட்டாகச் சொல்லப்பட்டது.

ஆனால் மோனோங்கஹீலா ஆற்றங்கரையோடு சில மைல்கள் சென்றால் பிராடக் வந்துவிடுகிறது. 1920-இல் ஏறத்தாழ 20,000 பேர் வாழ்ந்த அவ்வூரில் 2010 கணக்கெடுப்பின்போது எஞ்சியிருந்தவர்கள் சுமார் 2,000 பேர் மட்டுமே. ஆலை மூடியதால்தான் ஊர் காலியாயிற்று என்று எண்ணிக்கொண்டு போனேன். 1875-இல் தொடங்கிய அவ்வூரின் எட்கர் தாம்சன் எஃகு ஆலையோ இயங்கிக்கொண்டிருந்தது. உற்பத்தி நிற்கவில்லை, அதற்குத் தேவைப்படும் கைகள்தாம் மிகவும் குறைந்துவிட்டன. வட்டாரம் முழுவதும் மருத்துவத் துறையை நம்பி நிமிர்ந்துகொண்டிருந்த அதே காலத்தில், 2010-இல், பிராடக்கின் மருத்துவமனை மூடப்பட்டது.

இதற்குக் காரணம் நிர்வாக அமைப்பிலேயே இருக்கிறது. பிட்ஸ்பர்க் அமைந்துள்ள அலெகெனி மாவட்டத்தில் 130 உள்ளாட்சிகள் உள்ளன. ஒவ்வொன்றும் பெருமளவு தன் எல்லைக்குள் கிடைக்கும் வரியைக் கொண்டே காலம் தள்ள வேண்டும். ஆகவே மைய நகரில் பெருகும் செல்வம், ஆற்றோர ஊர்களின் சாலைக்கோ பள்ளிக்கோ தானாக வந்து சேர்வதில்லை. புதிய பொருளாதாரத்தின் தூண்களான மருத்துவமனைகளும் பல்கலைக்கழகங்களும் இலாப நோக்கற்றவை என்பதால் அவற்றின் சொத்துகளில் பெரும்பகுதிக்கு வரிவிலக்கு வேறு இருக்கிறது. ஓய்வுபெற்ற ஆலைத் தொழிலாளி ஒருவர், தம் பிள்ளைகள் அனைவரும் தென் மாநிலங்களுக்குப் பிழைக்கப் போனதைச் சொல்லிவிட்டு, “வேலையில்லாதவர் எண்ணிக்கை குறைந்தது உண்மைதான், ஊரில் இருந்தால்தானே அவர்களைக் கணக்கில் சேர்ப்பார்கள்” என்றார். இடப்பெயர்வைத் தவிர்த்துவிட்டு வேலையின்மை விகிதத்தை மட்டும் தருகிற அறிக்கைகளை அதன்பின் நான் நம்புவதில்லை.

*

நான் ஜப்பானின் கோபேயில் பார்த்ததையும் பிட்ஸ்பர்க் பதிவோடு சேர்த்து எண்ண வேண்டும். 1995 ஜனவரி 17-ஆம் நாள் நேர்ந்த நிலநடுக்கத்தில் 6,400-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அதற்கு முன் உலகின் முன்னணிச் சரக்குப் பெட்டகத் துறைமுகங்களுள் ஒன்றாக இருந்த கோபே துறைமுகத்தை ஏறத்தாழ ஈராண்டுகளில் சீரமைத்துவிட்டார்கள். பொறியியல் நோக்கில் அது பெருஞ்சாதனை. ஆனால் இடைக்காலத்தில் தென்கொரியாவின் பூசான் போன்ற துறைமுகங்களுக்குத் திசைமாறிய கப்பல்களில் பல, பழைய வழிக்கு மீண்டும் வரவில்லை.

பேரிடர்க் குடியிருப்பு பற்றி ஆராயச் சென்ற எனக்கு, துறைமுகத்தைக் காட்டிலும் தற்காலிக வீடுகளின் கதைதான் நெஞ்சில் தைத்தது. முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் முன்னுரிமை அளித்து, குலுக்கல் முறையில் வீடுகளை ஒதுக்கினார்கள். கேட்பதற்கு எவ்வளவு நியாயமான ஏற்பாடு! நடைமுறையில் அது, ஒரே தெருவில் பல்லாண்டுகள் வாழ்ந்தவர்களைப் பிரித்து, முகமறியாத முதியவர்களை நகரின் புறப்பகுதிகளில் அடுத்தடுத்துக் குடியமர்த்திவிட்டது. துணையின்றி இறந்து, பின்னரே கண்டறியப்பட்டவர்கள் அவ்வீடுகளில் 200-க்கும் மேற்பட்டோர். 2004-இல் சூயெட்சு நிலநடுக்கத்தின்போது யமகோஷி கிராமத்தாரைக் குடியிருப்புவாரியாக ஒன்றாகவே தங்கவைத்ததற்கு இந்த அனுபவமே காரணம்.

1995 நிலநடுக்கத்தில் கோபேயின் நகாட்டா வட்டத்தில் பல பகுதிகள் தீக்கிரையானபோது, அதே வட்டத்திலுள்ள மானோவில் குடியிருப்போரும் அங்கிருந்த ஆலையின் தீயணைப்புக் குழுவினரும் சேர்ந்து, வாளிகளைக் கைமாற்றியும் தீ பரவாமல் தடுத்தார்கள். 1960-களில் ஆலை மாசுக்கு எதிராகத் திரண்டதிலிருந்தே கூடிப் பேசி முடிவெடுத்துப் பழகியவர்கள் அவர்கள். அப்பழக்கத்துக்கு எந்த வரவுசெலவுத் திட்டத்திலும் தலைப்பு கிடையாது.

*

முதல் பதிவில் சொல்லப்பட்ட எல்லைச் சிக்கலை டெட்ராய்ட்டில் இன்னும் அப்பட்டமாகக் கண்டேன். 1950-இல் 18 இலட்சத்தைத் தாண்டியிருந்த அந்நகரின் மக்கள்தொகை 2010-இல் ஏறத்தாழ 7 இலட்சமாகக் குறைந்திருந்தது. 2013 ஜூலையில் நகராட்சி திவால் மனு அளித்தது. அறக்கட்டளைகளும் மாநில அரசும் நிதி திரட்டியதால் நகருக்குச் சொந்தமான கலைக்கூடத்தின் ஓவியங்கள் கடனடைக்க விற்பனைக்குப் போகாமல் தப்பின. பொது நகராட்சிப் பணியில் ஓய்வுபெற்றோரின் ஓய்வூதியமோ 4.5 விழுக்காடு வெட்டப்பட்டது. விலைவாசிக்கேற்ற உயர்வும் போயிற்று. அதைவிடப் பெரிய வெட்டுக்கு அஞ்சியே இதற்கு ஆதரவாக வாக்களித்ததாக ஓய்வூதியர் ஒருவர் என்னிடம் கூறினார். நகரின் வடக்கெல்லையான எயிட் மைல் சாலையைக் கடந்தால் ஓக்லாந்து மாவட்டம். அதே ஆண்டுகளில் கடன் தரமதிப்பீட்டில் அதற்கு மிக உயர்ந்த நிலையான மூன்று ஏ வழங்கப்பட்டிருந்தது.