புதுப்பிப்பு: நாணயக் கண்காட்சியில் பேரம் பேசியதன் முடிவு

கண்காட்சியில் வியாபாரிகளிடம் நியாயமான விலைக்கு எப்படிப் பேசுவது என்று சென்ற மாதம் கேட்டிருந்தேன். பொறுமையாகப் பதிலளித்த அனைவருக்கும் நன்றி.

விலைப்பட்டியல் நூலைக் காட்டிப் பேசும் யோசனை முதல் மேசையிலேயே எடுபடவில்லை. பலித்தது, அதே ஆண்டும் அதே நாணயசாலைக் குறியும் (எங்கே அச்சடித்தது என்று காட்டும் அடையாளம்) அதே தரமும் (தேய்மான நிலை) கொண்ட நாணயங்கள் அண்மை ஏலங்களில் என்ன விலைக்குப் போயின என்று குறித்துக்கொண்டு போகச் சொன்ன யோசனைதான். கடைசி நாள் பிற்பகலில் அந்தக் குறிப்போடு போய், ஒரே வியாபாரியிடம் மூன்று வெள்ளி நாணயங்களை எடுத்து வைத்து, "மூன்றுக்கும் சேர்த்து, ரொக்கமாகத் தந்தால் கடைசி விலை என்ன?" என்று கேட்டேன், நான் தொகை எதுவும் சொல்வதற்கு முன்பே அவர் 15 சதவீதம் குறைத்தார்.

எதிர்பாராதது ஒன்று உண்டு. மூன்றில் ஒன்றைப் பத்து மடங்கு உருப்பெருக்கியின் கீழ் விளக்கொளியில் சாய்த்துப் பார்த்தபோது, வெறும் கண்ணுக்குப் பளபளத்த பரப்பில் ஒரே திசையில் ஓடும் மயிரிழைக் கீறல்கள் தெரிந்தன. யாரோ அழுத்தித் துடைத்திருக்கிறார்கள்; அப்படித் துடைத்த நாணயத்துக்குச் சேகரிப்பாளர்களிடம் மதிப்புக் குறைவு. குறை சொல்லாமல் உருப்பெருக்கியை அவரிடமே நீட்டினேன். பார்த்தவர், அதன் விலையை ஏறக்குறைய வெள்ளியின் எடை மதிப்புக்கே இறக்கினார். (வாங்காமல் விட்டேன், இப்போது சற்று வருத்தம்தான்.) மற்ற இரண்டையும் அதே தள்ளுபடியில், தர விவரம் எழுதிய ரசீதுடன் தந்தார்.