ஆலையில் செய்து வரும் அலுவலகக் கட்டடம்: சான்றிதழ் இருந்தால் போதுமா?

முற்றம் (கேள்வி)

எங்கள் நிறுவனத்துக்குத் தரைத்தளமும் ஒரு மாடியுமாக அலுவலகம் ஒன்று மாட்யூலர் முறையில் வருகிறது, அதாவது அறை அளவுப் பெட்டிகளாக ஆலையில் செய்து கொண்டுவந்து தளத்தில் அடுக்கிச் சேர்ப்பது. இரும்புச் சட்டம், கீழே 7 பெட்டி, மேலே 7 பெட்டி. ஆலை இருக்கும் ஊரில் ஒரு விதி, கட்டடம் நிற்கப்போகும் ஊரில் வேறு விதி. "எல்லாம் பில்டிங் கோடுபடிதான் செய்கிறோம், சான்றிதழோடு அனுப்புகிறோம், நீங்கள் அஸ்திவாரத்தைப் போட்டு வைத்தால் போதும்" என்கிறார் விற்பவர். நானும் நம்பிவிட்டேன். ஆனால் இங்கே ஒப்புதலுக்குப் பிளான் கொடுக்கப் போனபோது அதிகாரி கேட்ட முதல் கேள்வியே, சுவருக்குள் போயிருக்கும் ஒயரிங்கையும் குழாயையும் மூடுவதற்கு முன்னால் பார்த்துக் கையெழுத்துப் போட்டது யார் என்பதுதான். என்னிடம் பதில் இல்லை. ஆலையில் விசாரித்தால் 4 பெட்டிகளுக்குச் சுவர் மூடியாகிவிட்டதாம்.

இன்னொன்றும் இருக்கிறது. மாடியில் 900 சதுர அடியில் ஒரு பெரிய அறை வருகிறது. அலுவலக இடம் என்றுதான் பிளானில் போட்டிருக்கிறோம், ஆனால் மேசை நாற்காலி போட்டுப் பயிற்சிக்கூடமாக வைத்துக்கொள்ளலாம் என்று மேலிடத்தில் பேச்சு. அதனால் ஏதாவது மாறுமா? இப்போது நான் என்ன செய்ய வேண்டும், யாரைப் பிடிக்க வேண்டும்?

கொக்கி

முதல் வேலையாக ஆலைக்குப் போன் போட்டு மீதி 10 பெட்டிகளுக்குச் சுவர் மூடுவதை நிறுத்தச் சொல்லுங்கள். இன்றைக்கே. அப்புறம்தான் மற்றதெல்லாம்.

கட்டடம் எங்கே நிற்கிறதோ அந்த இடத்து விதிதான் செல்லும், எங்கே செய்தார்கள் என்பது கணக்கில்லை. காற்று, நிலநடுக்கம், பனிச்சுமை, வெப்பக் காப்பு எல்லாமே இடத்துக்கு இடம் மாறுகிறவை. தளத்திலேயே கட்டும்போது ஆய்வாளர் கட்டம் கட்டமாக வந்து பார்ப்பார். இங்கே பெட்டி வந்து இறங்கும்போது சுவர், சீலிங், பெயின்ட் எல்லாம் முடிந்திருக்கும், அவர் பார்ப்பதற்கு ஒன்றும் மிச்சமிருக்காது. அதனால்தான் அங்கீகாரம் பெற்ற மூன்றாம் தரப்பு ஆய்வாளர் ஒருவர் ஆலையிலேயே இருந்து பார்த்து, பெட்டிக்குப் பெட்டி பதிவு எழுதி, தகடோ லேபிளோ ஒட்டும் முறை வந்தது. விற்பவர் சொல்லும் சான்றிதழ் இதுதானா, இல்லை அவர்களே அச்சடித்த தரச் சான்றிதழா என்று கேளுங்கள். இரண்டும் ஒன்றில்லை. அந்த ஆய்வாளரை உங்கள் ஊர் அலுவலகம் ஏற்றுக்கொள்கிறதா என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

நான் ஆலையில் தரக்கட்டுப்பாட்டில் பல வருடம் இருந்தவன். ஒருமுறை இப்படித்தான் பதிவில்லாமல் 6 பெட்டி தளத்துக்குப் போய்விட்டது. ஆய்வாளர் குறித்துக் கொடுத்த இடங்களில் ஜிப்சம் போர்டை ஆளுயரத்துக்கு அறுத்துத் திறந்தோம். ஒரு பெட்டியில், ஒயர் சட்டத்தின் ஓட்டைக்குள் நுழையும் இடத்தில் அதைக் காக்கும் வளையம் போடாமல் விட்டிருந்ததால் இரும்பு விளிம்பு ஒயரின் உறையைக் கீறியிருந்தது, உள்ளே செம்பு பளபளவென்று தெரிந்தது. லாரியில் குலுங்கி வந்ததில் ஆகியிருக்க வேண்டும். திறக்காமல் விட்டிருந்தால் அதன்மேல்தான் ஆட்கள் உட்கார்ந்து வேலை பார்த்திருப்பார்கள்.

வடம்

இவ்வளவு சிக்கல் எதற்கு? தற்காலிகக் கட்டடம் என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள், கழற்றி எடுத்துப் போகக்கூடியதுதானே. நாங்கள் ஒரு தளத்தில் அப்படித்தான் செய்தோம், யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

நிலைக்கல்

வடம், தயவுசெய்து இதைச் சொல்லாதீர்கள். எடுத்துப் போக முடியும் என்பதால் ஒரு கட்டடம் தற்காலிகமானது ஆகிவிடாது. அமெரிக்காவில் பரவலாகப் பின்பற்றும் இன்டர்நேஷனல் பில்டிங் கோடில் தற்காலிகக் கட்டடம் என்றால் பொதுவாக 180 நாளுக்குக் குறைவாக நிற்பது. முற்றம் கேட்பது வருடக்கணக்கில் ஆட்கள் புழங்கப்போகிற இடம். பொய்யாக எழுதிக் கொடுத்து நாளைக்குத் தீ விபத்து என்று ஒன்று நடந்தால் காப்பீட்டுக்காரர் முதலில் எடுப்பது அந்தக் காகிதத்தைத்தான்.

முற்றம், நான் அதிகம் கவலைப்படுவது இணைப்புகளைப் பற்றி. கீழ்ப்பெட்டிக்குத் தனியாகச் சீலிங், மேல்பெட்டிக்குத் தனியாகத் தரை. இரண்டுக்கும் நடுவில் ஒரு வெற்றிடம் கட்டடம் முழுக்க ஓடும், பக்கத்துப் பெட்டிகளின் இரட்டைச் சுவருக்கு நடுவிலும் அப்படியே. தடுப்பு வைக்காவிட்டால் ஒரு மூலையில் பிடித்த தீயும் புகையும் அந்த வழியாக மறுமூலைக்குப் போய்விடும், வெளியிலிருந்து தண்ணீர் அடித்தாலும் எட்டாது. தடுப்பாக ஆலையில் வைத்த ராக்வூல் (தீப்பிடிக்காத கல்லிழைப் பஞ்சு) பெட்டியைத் தூக்கி இறக்கும்போது நழுவியிருக்கலாம். ஆகவே பெட்டிகளைச் சேர்த்து போல்ட் போட்டபின், ஜிப்சம் போர்டு அடித்து மூடுவதற்கு முன், இணைப்புக் கோட்டை ஒவ்வொன்றாகப் பார்த்துப் படம் எடுத்து வையுங்கள். மின் இணைப்பு, தீயணைக்கும் ஸ்பிரிங்க்ளர் குழாய், கழிவுநீர்க் குழாய் தளத்தைத் துளைக்கும் இடம் எல்லாம் அந்தக் கோட்டிலேயேதான் வரும்.

லண்டனில் ரோனன் பாயின்ட் என்ற 22 மாடிக் குடியிருப்பு, ஆலையில் வார்த்த கான்கிரீட் பலகைகளை அடுக்கிக் கட்டியது. 1968 மே 16 அன்று 18ஆவது மாடியில் கேஸ் வெடித்து ஒரு சுவர் வெளியே தள்ளப்பட, அந்த மூலை முழுவதும் மேலிருந்து கீழ்வரை சரிந்தது, 4 பேர் இறந்தார்கள். பலகையை அடுத்த பலகையோடு பிடித்து வைத்திருந்த இணைப்பு அதைத் தாங்கும் நிலையில் இல்லை. உங்களுடையது சின்னக் கட்டடம்தான், ஆனாலும் பெட்டிக்குப் பெட்டி, பெட்டிக்கு அஸ்திவாரம் என இணைப்பு வரைபடத்தில் பொறியாளர் கையெழுத்து இல்லாமல் கிரேனை வரச் சொல்லாதீர்கள்.

அளவுகோல்

பயிற்சிக்கூடம் பற்றி யாரும் சொல்லவில்லையே, அதுவும் பெரிய விஷயம். நிலைக்கல் சொன்ன அதே கோடில் அலுவலகத்துக்கு ஆளுக்கு 150 சதுர அடி கணக்கு. 900 சதுர அடியில் 6 பேர். மேசை நாற்காலி போட்ட கூடமென்றால் ஆளுக்கு 15 சதுர அடி, அதே அறையில் 60 பேர். 49ஐத் தாண்டினாலே வெளியேற இரண்டு வழி வேண்டும், கட்டடத்தின் வகைப்பாடும் மாறும், படிக்கட்டு அகலமும் தரை தாங்க வேண்டிய சுமையும் கூடும். உங்கள் ஊர் எண்கள் கொஞ்சம் வேறாக இருக்கலாம், கணக்குப் போடும் விதம் இதுதான். இரும்புச் சட்டத்தை வெல்டிங் செய்து முடித்தபின் இரண்டாவது கதவுக்கு இடம் தேடுவது பெரும்பாடு, இப்போதே மேலிடத்தில் முடிவு வாங்கிவிடுங்கள்.

அப்புறம், கட்டடம் தரையிலிருந்து உயர்ந்து நிற்கும் என்பதால் சக்கர நாற்காலிக்குச் சாய்தளம் வேண்டும். 1க்கு 12 சரிவு என்றால் வாசல் 2 அடி உயரத்தில் இருக்க 24 அடி நீளம், போக மேலும் கீழும் சமதட்டும் திரும்பும் இடமும். பலரும் பெட்டிகளை எல்லை வரைக்கும் வைத்துவிட்டுக் கடைசியில் இதற்கு இடமில்லாமல் தவிக்கிறார்கள்.

அந்தக் கோடை வெளியிடும் இன்டர்நேஷனல் கோடு கவுன்சிலும், மாட்யூலர் கட்டடத் தொழிலின் சங்கமான மாட்யூலர் பில்டிங் இன்ஸ்டிட்யூட்டும் சேர்ந்து 2021இல் 1200, 1205 என்று இரண்டு தரநிலைகள் கொண்டுவந்தன. முதலாவது வடிவமைப்பிலிருந்து பொருத்துவது வரை, இரண்டாவது ஆய்வும் ஒப்புதலும். உங்கள் ஊரில் கட்டாயமில்லை என்றாலும் 1205ஐ வைத்துக்கொண்டு அதிகாரியோடு உட்கார்ந்தால் யார் எதைப் பார்ப்பது என்று பிரிப்பது சுலபம்.

முற்றம்

எல்லோருக்கும் நன்றி. ஆலையில் வேலையை நிறுத்தச் சொல்லிவிட்டேன். கொக்கி சொன்னது சரி, அந்தச் சான்றிதழ் அவர்களே கொடுப்பதுதானாம், மூன்றாம் தரப்பு ஆய்வே நடக்கவில்லை. உள்ளூர் அலுவலகம் ஏற்கும் ஆய்வாளர்களின் பட்டியலை வாங்கிவிட்டேன், அதில் ஒருவர் திங்கட்கிழமை ஆலைக்குப் போகிறார். மூடிய 4 பெட்டிகளிலும் மின் பேனல் போர்டுக்குப் பின்பக்கமும் குளியலறைச் சுவரும் திறக்க வேண்டும் என்கிறார், செலவை ஆலைதான் ஏற்க வேண்டும் என்று எழுதியிருக்கிறேன். பயிற்சிக்கூடத்தைக் கீழே கொண்டுவரலாமா என்று கட்டடக் கலைஞர் பார்க்கிறார், அங்கே இரண்டாவது வாசலுக்கு வழி இருக்கிறது.