கனடா ஸ்காபரோவிலை டேக்அவுட் கடை: எங்கட சனத்தைத் தாண்டி எப்பிடி வளர்க்கிறது?

ஸ்காபரோ_கடைக்காரன்:
வணக்கம். மார்க்கம் ரோட்டுப் பக்கம் நானும் மனிசியுமா சின்ன டேக்அவுட் ஒண்டு நடத்திறம், ரோல்ஸ், கொத்து, இடியப்பம், சனி ஞாயிறிலை கேற்றரிங். யாவாரம் மோசமில்லை ஆனா வாறது முழுக்க எங்கட ஆக்கள்தான், பக்கத்திலை இன்னும் கடையள் வந்திட்டுது, ஒருத்தர் ரோல்ஸ் விலையை இறக்கினா எல்லாரும் இறக்கவேண்டிக் கிடக்கு. சீட்டெடுத்து ரெண்டாவது கடை போடுவமோ, இல்லாட்டி வேற ஆக்களுக்காக மெனுவை மாத்துவமோ?

பழைய_யாவாரி:
தம்பி, ரெண்டாவது கடையை இப்ப விடுங்கோ. நீங்கள் ரெண்டு பேரும் நிண்டு சமைக்கிறதாலைதான் முதல் கடை ஓடுது, மற்றதிலை ஆர் நிக்கிறது? ரோல்ஸை மட்டும் மொத்தமாச் செய்து பிலிப்பினோ, கரிபியன் கடையளுக்குப் போடப் பாருங்கோ, பற்றீஸ் சாப்பிடுற சனத்துக்கு ரோல்ஸை விளங்கப்படுத்தத் தேவையில்லை. பக்கெற்றிலை விக்கிறதெண்டா லேபிள் இங்கிலீசிலையும் பிரெஞ்சிலையும் இருக்கோணும், வேற மாகாணத்திலை கிடக்கிற மொன்றியலுக்கு அனுப்பிறதெண்டா ஃபெடரல் லைசென்ஸும் வேணும், 2019இலை வந்த சட்டம். இறைச்சிக்கு விதி இன்னும் இறுக்கம், மரக்கறி ரோல்ஸிலை துவங்குங்கோ.

கணக்குப்பிள்ளை:
சீட்டுக் காசு அட்வான்ஸுக்கும் ஒரு ஃப்ரீசருக்கும் காணும், பெரிய கிச்சினுக்குக் காணாது. பாங்கிட்டைத்தான் போகோணும், அங்கைதான் எங்கட கடையள் கனக்க மாட்டுப்படுறது. கையிலை வாற காசைக் கணக்கிலை காட்டாமல் விட்டா வரி மிச்சம்தான், ஆனா பேப்பரிலை நீங்கள் கஞ்சிக்கு வழியில்லாத ஆள், லோன் ஆர் தரப்போறான்? சின்னத் தொழிலுக்கு லோன் நட்டப்பட்டா அரசாங்கமும் பங்கெடுக்கிற ஃபெடரல் திட்டம் ஒண்டு இருக்கு, அதுவும் பாங் வழியாத்தான். எச்எஸ்ரி எண்ட விற்பனை வரி உட்பட எல்லாத்தையும் இப்பவே ஒழுங்காப் பதியுங்கோ.

மார்க்கம்வாசி:
அண்ணை, உறைப்பைக் குறைச்சு மட்டும் கெடுத்துப்போடாதேங்கோ! ரி அண்ட் ரி சுப்பர்மார்க்கெற் 1993இலை வன்கூவர் பக்கம் துவங்கினது, ஆசியச் சனத்தின்ரை சாமானோடையே வளந்தது, 2009இலை லோப்லோ எண்ட பெரிய சுப்பர்மார்க்கெற் கொம்பனி 225 மில்லியன் டொலருக்கு வாங்கினது. சாமானை மாத்திறதை விட, தெரியாத ஆள் உள்ளை வந்தா என்ன கேக்கிறதெண்டு அவருக்கு விளங்கோணும். உங்கட சுவரிலை படத்தோடையும் விலையோடையும் இங்கிலீஸ் மெனு இருக்கோ?

ஸ்காபரோ_கடைக்காரன்:
படம் இல்லை, விலை மனிசிதான் சொல்லுறவ 😅 மொத்தமாக் குடுத்தா ஒரு ரோல்ஸுக்கு எவ்வளவு கேக்கலாம்?

பழைய_யாவாரி:
முதல் செலவைப் போட்டுப் பாருங்கோ. மா, எண்ணெய், பெட்டி, வானுக்குப் பெற்றோல் எல்லாம் எழுதுவினம், தங்கட சம்பளத்தை எழுதமாட்டினம். உங்கட ரெண்டு பேரின்ரை மணித்தியாலத்தையும் சேத்துப்போட்டு பிறகு விலையைச் சொல்லுங்கோ.