நாள் முழுதும் நாற்காலியில்: காலை நடை ஈடுகட்டுமா?

கேள்வி – பேரேடு
தணிக்கை அலுவலகம் ஒன்றில் கணக்காளராகப் பணிபுரிகிறேன். ஆண்டுக் கணக்கை முடிக்கும் மாதங்களில் ஒன்பது மணி நேரத்துக்கும் மேலாக உட்கார்ந்தே இருக்க நேர்கிறது. தினமும் காலையில் அரை மணி நேரம் வேகமாக நடக்கிறேன். அந்த நடை இதை ஈடுகட்டிவிடுமா? அல்லது நின்றபடி வேலை செய்வதற்கான உயரமான மேசை வாங்குவது நல்லதா?

பதில் – மாலைநடை
ஓரளவு ஈடுகட்டும், முழுமையாக அல்ல. பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோரின் தரவுகளைத் தொகுத்து 2016இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வெளியான ஆய்வின்படி, எட்டு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தாலும் நாள்தோறும் 60 முதல் 75 நிமிடம் மிதமான உடற்பயிற்சி செய்தவர்களிடம், உட்கார்வதால் கூடும் அகால மரண அபாயம் தென்படவில்லை. உங்கள் அரை மணி நேரம் அதில் ஏறத்தாழப் பாதி. வீட்டில் தொலைக்காட்சியின் முன் அமரும் நேரத்தையும் சேர்த்தே பாருங்கள். கணக்காளரான தங்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை.

பதில் – இயன்முறை மருத்துவர்
மொத்த நேரத்தைப் போலவே, இடைவிடாமல் உட்கார்வதும் கவனிக்கத்தக்கது. உட்கார்ந்திருக்கும்போது தொடைத் தசைகளும் கெண்டைக்கால் தசைகளும் ஏறத்தாழச் செயலற்றுக் கிடப்பதால், உணவுக்குப் பின் இரத்தத்தில் ஏறும் சர்க்கரையை அவை குறைவாகவே எடுத்துக்கொள்கின்றன. காலிலிருந்து இரத்தம் மேலேறுவதும் மந்தமாகிக் கணுக்கால் வீங்குகிறது. உடற்பருமன் உள்ளவர்களிடம் ஆஸ்திரேலியாவில் நடத்தப்பட்டு 2012இல் வெளியான ஒரு சிறிய ஆய்வில், 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு நிமிடம் நடந்தபோது, உணவுக்குப் பிந்தைய சர்க்கரையும் இன்சுலினும் குறைந்தன. ஆகவே மதிய உணவு முடிந்ததும் நேராக நாற்காலிக்குத் திரும்பாதீர்கள்.

பதில் – படிக்கட்டு
மேசைக்குப் பணம் செலவிடுவதற்கு முன் சற்று யோசியுங்கள். நாள் முழுதும் நிற்பதும் தீங்குதான். ஜவுளிக்கடை ஊழியர்களின் கால்களில் புடைத்திருக்கும் நரம்புகளே அதற்குச் சான்று. அவர்களுக்கு இருக்கை அளிக்க வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021இல் சட்டத் திருத்தமே கொண்டுவந்தார்கள். லண்டன் பேருந்துகளின் ஓட்டுநர்களைவிட நடத்துநர்களுக்கு மாரடைப்பு குறைவு என்று பிரிட்டிஷ் மருத்துவ ஆய்வாளர் ஜெரி மோரிஸ் 1953இல் கண்டறிந்ததைப் பலரும் மேற்கோள் காட்டுவார்கள். அந்த நடத்துநர்கள் சும்மா நிற்கவில்லை, மாடிப் பேருந்தின் படிகளில் ஓயாமல் ஏறி இறங்கினார்கள். ஓட்டுநர்கள் பணியில் சேரும்போதே பருமனாக இருந்ததைச் சீருடை அளவுகளைக் கொண்டு மோரிஸே பின்னர் காட்டினார் என்பதால், வேறுபாடு முழுவதையும் இருக்கையின் மேல் சுமத்தவும் இயலாது. கோப்புகளையும் அச்சு இயந்திரத்தையும் எழுந்து நடந்தால் மட்டுமே எட்டும் தொலைவில் வைத்துக்கொள்ளுங்கள். அதற்குச் செலவே இல்லை.